நிஞ்சாக்கள்: வீரர்களா, வேவுகாரர்களா?

இவ்வாண்டு நம் பள்ளியில் நடைபெற்ற மாறுவேடப் போட்டியை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாரதியார் மூவரும், ஜான்சி ராணி இருவரும், அன்னை தெரேசா ஐவரும் மேடையேறி இறங்கிய பின்பு, இரண்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தலை முதல் கால் வரை கறுப்புத் துணி சுற்றிக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய, முதுகில் அட்டைக் கத்தியுடன் தாவிக் குதித்து வந்தாள். "நான்தான் நிஞ்சா!" என்று அவள் முழங்கியதும் அரங்கமே அதிர்ந்தது. பரிசும் கிடைத்தது.

போட்டி முடிந்தும் பேச்சு முடியவில்லை. மறுநாள் மதிய உணவு வேளையில் எங்கள் பத்தாம் வகுப்பு இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றது. "நிஞ்சா மாபெரும் வீரன்" என்றது ஒரு கட்சி. "இருட்டில் வந்து முதுகில் குத்துபவன் எப்படி வீரனாவான்?" என்றது மறு கட்சி. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த வரலாற்று ஆசிரியை, "இரண்டு பக்கமும் சினிமாவைத்தான் பேசுகிறீர்கள். படித்துவிட்டுப் பேசுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். படித்தோம். படித்ததில் எங்கள் இரண்டு கட்சிகளுமே தோற்றன. மூன்றாவதாக ஒரு கருத்து எங்களுக்குள் பிறந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அந்தக் கறுப்புத் துணியைக் கழற்றிவிடுவோம். ஜப்பானின் கபுகி நாடகங்களில் மேடைப் பொருள்களை எடுத்து வைப்பவர்கள் முழுக் கறுப்புடையில் வருவார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் நடமாடினாலும், அங்கே இல்லாதவர்களாகவே அவர்களைப் பார்வையாளர்கள் எண்ணிக்கொள்வது அந்நாட்டு வழக்கம். கண்ணுக்குப் புலப்படாத ஒற்றனை மேடையில் காட்ட இதைவிட நல்ல உடை ஏது? அவ்வாறே நாடகத்திலும், அச்சோவியத்திலும், பிற்காலத்தில் திரைப்படத்திலும் கறுப்புடை நிஞ்சாவின் சீருடையாகிவிட்டது. உண்மை நிஞ்சாவோ பகலில் அப்படி நடந்திருந்தால் முதல் தெருவிலேயே பிடிபட்டிருப்பான்! 1681-இல் எழுதப்பட்ட 'ஷோனின்கி' என்னும் நூல் ஏழு வேடங்களைக் குறிப்பிடுகிறது. கூடை போன்ற தொப்பியால் முகம் மறைத்துக் குழலூதிச் செல்லும் துறவி, பௌத்த பிக்கு, மலைத் துறவி, வணிகன், தெருவில் வித்தை காட்டுபவன், கூத்தாடி, ஏழாவதாகச் சாதாரண மனிதன். இந்த ஏழாவது வேடந்தான் எங்களைச் சிந்திக்க வைத்தது. சாதாரண மனிதனைப் போல வேடமிடுவது வேடங்களிலெல்லாம் கடினமானதன்றோ? நம் தங்கை உண்மை நிஞ்சாவாக வந்திருந்தால் பள்ளிச் சீருடையில் வந்து, நடுவர்களுக்குப் பின்னால் அமர்ந்து, போட்டி முடிந்ததும் சத்தமில்லாமல் போயிருக்க வேண்டும். பரிசு கிடைத்திருக்காது.

பெயரிலும் இதே கதைதான். 'நிஞ்சா' என்ற சொல் உலகெங்கும் பரவியது இருபதாம் நூற்றாண்டில். அந்தக் காலத்தில் அவர்களை 'ஷினோபி' என்றே பெரும்பாலும் அழைத்தனர். சில இடங்களில் 'குசா' என்றும் சொன்னார்களாம்; குசா என்றால் புல். மிதித்துச் செல்பவன் குனிந்து பார்க்காத புல். எவ்வளவு பொருத்தமான பெயர்! ஷினோபி என்ற சொல்லுக்கு மறைந்திருத்தல் என்றும் பொருள், பொறுத்திருத்தல் என்றும் பொருள். அதை எழுதும் எழுத்தைப் பிரித்துப் பார்த்தால், மேலே கத்தியின் கூர்முனையைக் குறிக்கும் எழுத்தும், கீழே இதயத்தைக் குறிக்கும் எழுத்தும் இருக்கின்றன. இதயத்தின் மேல் கத்தி. இதை எங்கள் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருக்கிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

யார் இவர்கள்? ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவுக்குத் தென்கிழக்கில், நாற்புறமும் மலை சூழ்ந்த சிறு நாடு இகா. அதற்கு வடக்கே, மலைக்கு அந்தப்புறம் கோகா. இன்று முதலாவது மியே மாநிலத்திலும், இரண்டாவது ஷிகா மாநிலத்திலும் உள்ளன. 1467-இல் ஓனின் போர் தொடங்கியது முதல் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஜப்பான் முழுவதும் பிரபுக்கள் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்திக்கொண்டிருந்தனர். ஆனால் இகாவிலும் கோகாவிலும் பெரிய பிரபு என்று ஒருவர் வேரூன்றவில்லை. சிறு சிறு நிலக்காரக் குடும்பங்கள் தங்கள் வீட்டைச் சுற்றி மண்சுவர் எழுப்பி, பகலில் வயலில் உழுது, தேவைப்பட்டால் இரவில் ஆயுதம் எடுத்தன. கோகாவில் இப்படி ஐம்பத்து மூன்று குடும்பங்கள் பெயர் பெற்றவை. 1487-இல் ஷோகன் அஷிகாகா யோஷிஹிசா பெரும்படையுடன் அப்பக்கம் வந்தபோது, கோகா மக்கள் இரவு நேரங்களில் அவரது பாளையத்தில் புகுந்து தாக்கி நிம்மதியைக் கெடுத்தனர். அவர்களுடைய பெயர் நாடெங்கும் பரவியது அன்றுதான்.

இகா மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று இன்றும் எழுத்தில் கிடைக்கிறது. பதினொரு விதிகள். அந்நியப் படை எல்லைக்குள் வந்தால் ஊர் தோறும் மணி அடிக்க வேண்டும். பதினேழு வயது முதல் ஐம்பது வயது வரையுள்ளோர் கிளம்ப வேண்டும். எதிரியின் கோட்டையைப் பிடிக்கும் உழவனுக்குச் சாமுராய்த் தகுதி தரப்படும். நாட்டைக் காட்டிக் கொடுப்பவனுக்கு மன்னிப்பில்லை. மன்னர்களின் சட்டங்களைப் படித்துப் படித்துச் சலித்த எங்களுக்கு, ஊர்க்காரர்கள் கூடிப் பேசி எழுதிய இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. சுவர் மேல் ஏறுவதை விட, புகையாய் மறைவதை விட, இதுவே இகா மக்களின் பெரிய வித்தை என்பது எங்கள் கருத்து.

இனிப் பயிற்சியைப் பார்ப்போம். நிஞ்சாப் பள்ளி என்று ஒன்று மலையுச்சியில் இருந்ததாகவும், அங்கே வெண்தாடிக் குரு ஒருவர் சிறுவர்களை அருவிக்கடியில் நிறுத்தி வைத்ததாகவும் படங்களில் காட்டுகிறார்கள். பெரும்பாலும் பயிற்சி வீட்டில்தான் நடந்தது. தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுப்பார். எழுதி வைக்க மாட்டார். எழுதினால் இரகசியம் போய்விடும். ஆகவேதான் நிஞ்சாக் கலையைப் பற்றிய பெரிய நூல்களெல்லாம் போர்கள் ஓய்ந்து, 'இனி இது மறந்துபோகும்' என்ற பயம் வந்த பிறகு எழுதப்பட்டவையாக இருக்கின்றன. அவற்றுள் தலையாயது 1676-இல் இகாவைச் சேர்ந்த புஜிபயாஷி என்பவர் தொகுத்த 'பன்சென்ஷூகாய்'. பல்லாயிரம் ஆறுகள் கடலில் கலப்பது என்பது அப்பெயரின் பொருள். இருபத்திரண்டு பாகங்கள்!

அந்த நூலில் வாள்வீச்சு அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். வானிலையைக் கணிப்பது எப்படி, நட்சத்திரம் பார்த்துத் திசை அறிவது எப்படி, பூட்டைத் திறக்கும் கருவிகள், சுவரேறும் ஏணிகள், நனைந்தாலும் எரியும் தீப்பந்தங்கள், வெடிமருந்து செய்முறைகள் என்று அது ஒரு விஞ்ஞானப் புத்தகத்தையும் சமையல் புத்தகத்தையும் சேர்த்துத் தைத்தது போல இருக்கிறதாம். சமையல் என்றதும் சிரிக்க வேண்டாம். பசி தாங்கும் உருண்டை ஒன்று செய்யச் சொல்லிக் கொடுக்கிறது. ஜின்செங் வேர், கோதுமை மாவு, கிழங்கு, பசையரிசி முதலியவற்றை அரிசி மதுவில் ஊறவைத்து, மூன்றாண்டுகள் கழித்து உருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகள்! மறுநாள் தேர்வுக்கு முதல்நாள் இரவு படிக்கும் நாங்கள் இதைப் படித்து வெட்கப்பட்டோம். வண்ணம் தோய்த்த அரிசி மணிகளை வழியில் போட்டு, பின்னால் வருபவனுக்குச் செய்தி சொல்லும் முறையும் இருந்தது. நீரின் மேல் நடக்க உதவும் மரக்காலணி என்று புகழ்பெற்ற 'மிசுகுமோ'வின் படமும் நூலில் இருக்கிறது. ஆனால் அதைச் செய்து பார்த்தவர்கள் நீரின் மேல் நடக்கவில்லை, நீருக்குள் விழுந்தார்கள். அதன் மேல் அமர்ந்து மிதந்திருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து. மியே பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே 2017-இல் ஓர் ஆய்வு மையம் தொடங்கியிருக்கிறார்கள்.

உடலை விட உள்ளத்துக்கே பயிற்சி அதிகம். பார்த்ததை அப்படியே நினைவில் வைத்திருக்க வேண்டும். கோட்டையின் அகழி எவ்வளவு ஆழம், காவலர் எத்தனை பேர், அவர்கள் எந்நேரம் மாறுகிறார்கள் என்பதையெல்லாம் எழுதாமலே கொண்டுவர வேண்டும். போகும் ஊரின் பேச்சும் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு திரும்ப வேண்டும். சாமுராய் போர்க்களத்தில் மாண்டால் அது அவனுக்குப் பெருமை. ஷினோபி மாண்டால் அவன் அறிந்த செய்தியும் அவனோடு மாண்டுபோகும். ஆகவே ஓடுவது அவனுக்கு அவமானமில்லை. சண்டையிட நேர்ந்தாலே அவன் வேலையில் பாதி கெட்டது என்று பொருள்.

பெண் நிஞ்சாக்களைப் பற்றியும் தேடினோம். பெண்கள் பள்ளியில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? 'குனோஇச்சி' என்ற சொல் உண்டு. ஜப்பானிய மொழியில் பெண் என்பதற்கான எழுத்தை மூன்று கோடுகளாகப் பிரித்தால் 'கு', 'நோ', 'இச்சி' என்று படிக்கலாம். அதிலிருந்து வந்த மறைசொல் அது. ஆண் நுழைய முடியாத வீட்டுக்குள் ஒரு பெண்ணை வேலைக்காரியாக அனுப்பிச் செய்தி அறியும் முறை என்றே பன்சென்ஷூகாய் சொல்கிறது. கத்தி சுழற்றும் பெண் படைகளெல்லாம் பிற்காலக் கதாசிரியர்களின் கற்பனை. எங்களில் சிலருக்கு இது பெரிய ஏமாற்றம்.

இதுவரை படித்தபோது வீரக் கட்சிதான் வென்றுகொண்டிருந்தது. ஆனால் அதே நூலின் இன்னொரு பகுதியைப் பற்றி அறிந்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு வீட்டுக்குள் இரகசியமாக நுழைய ஏற்ற வேளைகள் எவை என்று அங்கே வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கல்யாணம் நடந்த மறுநாள் இரவு. நோயாளி தேறிய இரவு. சாவு நடந்த வீட்டில் அழுது களைத்து உறங்கும் இரவு. காற்றும் மழையும் அடிக்கும் இரவு. எவ்வளவு உண்மை! மனிதர்களை எவ்வளவு கூர்ந்து கவனித்தால் இதை எழுத முடியும்! பல நாள் நோயாளிக்கு அருகில் கண்விழித்த தாய் அன்றுதான் நன்றாகத் தூங்குவாள் என்பதை, அன்புள்ள ஒருவர் கவனித்தால் அவளுக்குப் போர்வை போர்த்திவிடுவார். நிஞ்சாவும் அதையே கவனித்தான். ஆனால் கதவைத் திறப்பதற்காக.

புஜிபயாஷிக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. கருவிகளுக்கும் வேடங்களுக்கும் முன்னால், நூலின் தொடக்கத்திலேயே 'நேரிய உள்ளம்' என்று தனிப்பகுதி வைத்திருக்கிறார். உள்ளம் நேராக இல்லாவிட்டால் இந்தக் கலைக்கும் திருட்டுக்கும் வேறுபாடில்லை. தன் ஆசைக்காக இதைப் பயன்படுத்தக் கூடாது. நாட்டுக்கும் தலைவனுக்கும் உண்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மறைக்கல்வி வகுப்பில் பாம்பையும் புறாவையும் பற்றிய இயேசுவின் உவமையைப் படித்த எங்களுக்கு, இவர் நமக்குத் தெரிந்தவர்தான் என்று தோன்றியது. ஆயினும் ஒரு கேள்வி. தலைவனுக்கு உண்மையாக இருப்பது சரி. அந்தத் தலைவனின் உள்ளம் நேராக இல்லாவிட்டால்?

இதற்கு விடை நூலில் கிடைக்கவில்லை. வரலாற்றில் இரண்டு இடங்களில் பார்த்தோம்.

முதலாவது, இகாவின் அழிவு. 1579-இல் ஓடா நோபுனாகாவின் மகன் தந்தையைக் கேளாமலே இகாவின் மீது படையெடுத்து, மலைக்கணவாய்களில் அடிபட்டுத் திரும்பினான். நோபுனாகா அதை மறக்கவில்லை. 1581-இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படை பல கணவாய்கள் வழியாக ஒரே சமயத்தில் அந்தச் சின்னஞ்சிறு நாட்டுக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, கோயில்கள் எரிந்தன, பெண்கள், குழந்தைகள் என்ற வேறுபாடில்லாமல் வெட்டினார்கள். பதினொரு விதிகளுடன் தங்களைத் தாங்களே ஆண்டவர்களின் கதை அத்துடன் முடிந்தது. அவர்களுடைய வித்தைகள் எதுவும் அன்று உதவவில்லை. வேவு பார்க்கத் தெரிந்தவனுக்குப் பெரும்படை வருவது தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா?

தப்பியவர்கள் வேறு தலைவர்களைத் தேடினார்கள். 1582-இல் நோபுனாகா கொல்லப்பட்டதும், டொகுகாவா இயேயாசு உயிர் தப்பி இகா மலைகளின் வழியே ஊர் திரும்பினார். அவருக்கு வழித்துணை போனவர்களுக்குப் பிற்பாடு எடோ கோட்டையில் காவல் வேலை கிடைத்தது. அந்நாளில் புகழ்பெற்ற ஹட்டோரி ஹன்ஸோவின் பெயரால் டோக்கியோ அரண்மனையின் ஒரு வாயில் இன்றும் வழங்கப்படுகிறது. அவரோ படங்களில் வருவது போல் இருட்டு மனிதர் அல்லர். ஈட்டி வீசுவதில் பெயர் பெற்ற சாமுராய்.

இரண்டாவது இடந்தான் எங்களைப் போன்றவர்களுக்கு நெஞ்சில் தைப்பது. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நம் முன்னோர்களிடையே உழைத்த புனித சவேரியார், 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார் என்பது யாவரும் அறிந்ததே. அவர் தூவிய விதை தென்மேற்கு ஜப்பானில் நன்கு வளர்ந்தது. பின்னர் ஆட்சியாளர்களின் மனம் மாறியது. 1597-இல் நாகசாகியில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது.

1637-இன் இறுதியில் ஷிமாபாராவிலும் அமாகுசாவிலும் உழவர்கள் கலகம் செய்தனர். பிரபுவின் தாங்க முடியாத வரியும், வரி கட்டாதவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளும், பஞ்சமும், விசுவாசத்துக்கு வந்த துன்பமும் அதற்குக் காரணம். பெண்களும் குழந்தைகளும் உட்பட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஹாரா என்ற பாழடைந்த கோட்டைக்குள் புகுந்துகொண்டனர். அவர்கள் தலைவனாக ஏற்ற அமாகுசா ஷிரோவுக்கு வயது பதினாறை ஒட்டித்தான் இருக்கும். நம் வகுப்பில் உட்கார வேண்டிய வயது! கிண்ணமும் நற்கருணையும், இருபுறமும் வானதூதர்களும் வரைந்த அவர்களது கொடி இன்றும் அமாகுசாவில் பாதுகாக்கப்படுகிறது.

அந்தக் கோட்டையைச் சூழ்ந்த ஷோகனின் படை ஒரு இலட்சத்துக்கும் மேல். அதன் தளபதி மட்சுதைரா நோபுட்சுனா வரும் வழியில் கோகாவிலிருந்து பத்து மனிதர்களைச் சேர்த்துக்கொண்டார். ஆம், நிஞ்சாக்கள்! அவர்கள் இரவில் ஊர்ந்து போய் அகழியின் ஆழத்தையும், மதிலின் உயரத்தையும், பாதையின் நிலையையும் அளந்து வந்தார்கள். அதைக் கொண்டு வரைந்த படம் எடோவுக்குப் போனது. ஓர் இரவு பசியால் வாடும் அந்த மக்களின் உணவு மூட்டைகளைத் தூக்கி வந்தார்கள். இன்னோர் இரவு கோட்டைக்குள்ளேயே புகுந்தபோது ஒருவர் குழியில் விழ, மற்றவர் அவரைத் தூக்கிக்கொண்டு, கல்லடிகளுக்கிடையே தப்பி வரும்போது சிலுவை பொறித்த கொடி ஒன்றையும் பறித்து வந்தார். ஆனால் பகலில் உள்ளே கலந்து வேவு பார்க்க முடியவில்லையாம். காரணம், அந்த ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் சொன்ன செபங்களும் புரியவில்லை. ஏழு வேடங்கள் தெரிந்தவர்களுக்கு ஒரு செபம் தெரியாமல் போயிற்று!

1638 ஏப்ரலில் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் கொல்லப்பட்டனர். ஷிரோவின் தலை நாகசாகியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவர்கள் ஆயுதம் எடுத்ததால் திருச்சபை அவர்களை மறைசாட்சிகளாக எண்ணுவதில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் நடந்த வாக்குவாதத்தைக் கேட்டிருக்க வேண்டும். "கோகாக்காரர்கள் என்ன செய்வார்கள்? போர்கள் ஓய்ந்து, வேலையில்லாமல் கிடந்தார்கள். ஆணை வந்தது, போனார்கள்" என்றாள் ஒரு தோழி. அவள் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. 1789-இல் கூட கோகாவிலிருந்து சிலர் எடோவுக்குச் சென்று, பன்சென்ஷூகாய் நூலையே ஆட்சியாளர்களிடம் கொடுத்து, தங்களுக்கு வேலை தருமாறு விண்ணப்பித்திருக்கிறார்கள். இரகசியமாகக் காத்த நூலையே கையில் கொண்டு வேலை கேட்க நேர்ந்த வறுமையை நாங்கள் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் இகாவில் நடந்தது நினைவிருக்கிறதல்லவா? பெரும்படை ஒன்று சிறிய மக்களைச் சூழ்ந்து, குழந்தைகளையும் விடாமல் அழித்தது. அதை மலைக்கு இப்புறம் இருந்து பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஹாராவில் பெரும்படையின் பக்கம் நின்று சுவரை அளந்தார்கள். திறமை திறமைதான், யாருக்காக என்பது வேறு கேள்வி என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. மதிலின் உயரத்தை அளந்த கைக்கு, அந்த மதிலுக்குள் யார் இருந்தார்கள் என்பது தெரியும். புஜிபயாஷி தம் நூலை எழுதியது ஹாரா விழுந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. 'நேரிய உள்ளம்' என்று எழுதும்போது அவருக்கு அது நினைவுக்கு வந்ததா என்று கேட்க எங்களுக்கு ஆசை.

இன்னொரு தோழி விடவில்லை. "அப்படியானால் மறைந்திருப்பதே தவறா?" என்றாள். இல்லை என்றோம். ஏனெனில் ஜப்பானில் ஷினோபிகளை விட நெடுங்காலம் மறைந்திருந்தவர்கள் உண்டு. ஹாராவுக்குப் பின், 1644-இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டபின், நாகசாகியைச் சுற்றிய சிற்றூர்களில் கிறிஸ்தவர்கள் குருவில்லாமல், திருப்பலியில்லாமல், தாங்களே குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து, கையில் குழந்தையுடன் இருக்கும் பௌத்தக் கன்னோன் சிலைக்கு முன் மாதாவை நினைத்துச் செபித்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது. பகலில் சாதாரண உழவர்கள், மீனவர்கள். ஏழாவது வேடம்!

அவர்களும் பொய் சொன்னவர்கள்தாம் என்பதை மறைக்க மாட்டோம். ஆண்டு தோறும் அதிகாரிகள் முன்னிலையில் இயேசு, மாதா உருவங்களை மிதிக்க வேண்டும் என்ற சட்டம் இருந்தது. மிதிக்க மறுத்தவர்கள் மாண்டார்கள். மிதித்தவர்கள் வீட்டுக்கு வந்து மனத்துயர் செபம் சொன்னார்கள். எங்கள் மறைக்கல்வி சிஸ்டரிடம் இதைக் கேட்டோம். மறுத்து மாண்டவர்களையே திருச்சபை பீடத்தில் வைக்கிறது என்றார்கள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எல்லாரும் மாண்டிருந்தால் 1865-இல் வருவதற்கு யார் இருந்திருப்பார்கள் என்றும் சொன்னார்கள். எங்களால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. நிஞ்சா பிறருடையதை எடுப்பதற்காக மறைந்தான்; இவர்கள் தங்களுடையது பறிபோகாமலிருக்க மறைந்தார்கள். இதயத்தின் மேல் கத்தி என்று எழுதும் அந்த எழுத்து, மதிலேறிய பத்துப் பேரை விட, உருவத்தை மிதித்துவிட்டு வீடு திரும்பிய ஒரு தாய்க்கே அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறோம்.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்தின் முன் உரகாமி ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்றே எவருக்கும் தோன்றியிருக்கும். பிரெஞ்சுக் குருவான பெத்திஜான் கதவைத் திறந்து, பீடத்தின் முன் முழந்தாளிட்டார். அவர்களில் ஒரு பெண் அருகில் வந்து, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, மாதாவின் திருவுருவம் எங்கே என்று கேட்டாள். தடை அப்போது நீங்கியிருக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காக உரகாமி மக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் நாடு கடத்தப்பட்டு, 1873-இல்தான் ஊர் திரும்பினார்கள். பல நூறு பேர் திரும்பவே இல்லை.

இரண்டாம் வகுப்புத் தங்கையிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். கறுப்புத் துணியை அடுத்த ஆண்டுக்கு மடித்து வைத்திருப்பதாகச் சொல்கிறாள். உரகாமி அம்மாவாக வருகிறாயா என்று கேட்டதற்கு, "அவர்களுக்குக் கத்தி உண்டா?" என்றாள். இல்லை என்றோம். யோசித்துச் சொல்கிறாளாம்.